ஆறு ஐம்பத்தொன்பதுக்குப் போன கரண்டு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிய கையோடு திரவியம் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் எங்கயாக்கும் இருக்கு?" என்பதுதான். உட்காருங்கள், மோர் குடிக்கிறீர்களா என்று நாம் சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான் அவர் காதில் விழும். இன்வெர்ட்டர் பழுதுபார்க்க வந்த ஆள் மெயின் சுவிட்சைக் கேட்பதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அவர் கல்யாண வீட்டிலும் இதையே கேட்பார். போன தை மாதம் என் மைத்துனர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர், மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்தின் மின்பெட்டியைப் பார்த்துவிட்டு, அதற்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பந்திக்குக் கூப்பிட்டபோதும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் போனார்.

"சுவிட்சை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள் திரவியம்," என்று கேலி செய்தேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒரு சீலம்," என்றார். எங்கள் ஊரில் சீலம் என்றால் பழக்கம். அன்றைக்கு நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தேழு வயது. ஒடிசலான உடம்பு, நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடையும் சத்தம் கேட்கும் தூரத்தில் ஒரு சந்து. அதில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு கடை. மிக்ஸி, கிரைண்டர், இன்வெர்ட்டர் எல்லாம் பார்ப்பார். தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கம்போளத்தில் மிளகாய் வியாபாரம் செய்தவர். பேரனுக்கு மிளகாய் நெடி ஒத்துக்கொள்ளவில்லை. "தும்மிக்கிட்டே எப்படி ஏவாரம் பண்ண? கரண்டு நாறாதுல்லா," என்பது அவர் தொழில் மாற்றத்துக்குச் சொல்லும் விளக்கம்.

அவர் டீ குடிப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடி கிளாஸை நம்மைப்போல் விளிம்பில் பிடிக்க மாட்டார். இடது உள்ளங்கையை மல்லாத்தி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் கிளாஸை நிறுத்தி, அடியில் ஏந்திக்கொள்வார். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த நேரத்தில் மேஜையை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கும். மழை வலுப்பதுபோல் தட்டு வேகமாகிக்கொண்டே போகும். அவர் மகளுக்கு ஹோட்டலில் அப்பாவோடு உட்காரவே வெட்கம். "அப்பா, மதி, போதும். எல்லாரும் நோக்குறாங்க," என்று கையைப் பிடித்து நிறுத்துவாள். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

இன்னொரு விநோதமும் உண்டு. பழவங்காடியிலிருந்து வலியசாலையில் இருக்கிற என் வீட்டுக்கு வர, கோயில் இருக்கிற அக்ரஹாரத் தெருவில் நுழைந்தால் நேரே வந்துவிடலாம். திரவியம் அந்தத் தெருவில் ஸ்கூட்டரை விடவே மாட்டார். பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு, சிக்னலில் நின்று, வேர்த்து விறுவிறுத்து வருவார். பெட்ரோல் விற்கிற விலையில் இது என்ன வேண்டுதல் என்று கேட்டால், "அந்தத் தெருவுல நாய் உண்டும்," என்பார். அந்தத் தெருவில் நாய் இல்லை. நாகேஸ்வரன் இருந்தார்.

இந்த இரண்டு பேருக்கும் உள்ள சம்பந்தம் ஆர்ஷா என்ற பெண் வந்துதான் எனக்குத் தெரிந்தது. இருபத்தாறு வயது. அம்மா வழியில் தமிழ், பள்ளிக்கூடம் வழியில் மலையாளம். தொண்ணூறுகளில் கிழக்கேகோட்டையில் இருந்த வீடியோ கேம் கடைகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வெறும் கடைகளைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? அதில் ஒரு போட்டி வேண்டும், இரண்டு எதிரிகள் வேண்டும். விசாரித்த இடத்திலெல்லாம் பழைய ஆட்கள் அவளிடம் சொன்னது இரண்டே பெயர்கள்: திரவியம், நாகேஸ்வரன்.

கடை ஆறுமுகசாமி என்பவருடையது. திருநெல்வேலிக்காரர், இப்போது உயிரோடு இல்லை. ஜன்னல் இல்லாத நீளமான அறை, வாசலில் கறுப்புத் திரை, உள்ளே ஏழு பெட்டிகள். டோக்கன் போட்டால் ஆட்டம். அதில் நான்காவது பெட்டியில் இருந்தது விமானச் சண்டை. பையன்கள் அதை 'பிளேன்' என்றார்கள். திரவியத்துக்கும் நாகேஸ்வரனுக்கும் அப்போது பத்தொன்பது வயது. திரவியம் ஆடினால் கடை முழுவதும் கேட்கும். இடது கையால் விமானத்தை ஓட்டும் பிடியை அடியில் ஏந்தி, வலது கையின் இரண்டு விரல்களால் சுடுகிற பட்டனைத் தட்டித் தள்ளுவார், பெட்டியைத் திட்டுவார், குதிப்பார். நாகேஸ்வரன் ஆடினால் சத்தமே வராது. ஆரம்பிக்கும் முன் கைக்குட்டையால் பிடியைத் துடைப்பார். "சாமி மடி பாக்காருலே," என்று பையன்கள் சிரிப்பார்கள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் தலையில் வைப்பார். அப்பா தந்த, சாவி கொடுக்கிற கடிகாரம். காலையில் ரேடியோ கேட்டு மணி வைத்தால் சாயங்காலத்துக்குள் கொஞ்சம் பின்தங்கும் என்று அவர் வீட்டில் அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு.

கடிகாரம் எதற்கு என்றால், அந்த வருஷங்களில் மாலையில் அரை மணி நேரம் மின்வெட்டு. கிழக்கேகோட்டைக்கு ஏழிலிருந்து ஏழரை. வேறு எதை நம்பாவிட்டாலும் ஏழு மணி மின்வெட்டை நம்பலாம் என்பார்கள். கரண்டு போனால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். யார் எத்தனை எடுத்தார்கள் என்ற பட்டியலே அழிந்துவிடும். அதனால் ஆறுமுகசாமி ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டை மாட்டி, கடையின் சாதனையை அதில் எழுதிவைப்பார். அதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பெட்டி மூன்று ஆங்கில எழுத்துகளில் பெயர் கேட்கும். அந்த மூன்று எழுத்தும் திரையில் விழுந்து, அதை அவர் கண்ணால் பார்த்தால்தான் சிலேட்டில் ஏறும். "பேரு போடாத ஸ்கோரு தாலி கெட்டாத கல்யாணம்லே," என்பாராம்.

ஆகவே நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சுடத் தெரிந்தால் மட்டும் போதாது. ஏழு மணிக்கு முன்னால் சாகவும் தெரிய வேண்டும். சாதனையைத் தாண்டியதும் மிச்சமிருக்கும் விமானங்களை வேண்டுமென்றே எதிரிமேல் இடித்து நொறுக்கி, ஆட்டத்தை முடித்து, பெயரைப் போட்டுவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் இருட்டு வந்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். இந்த மாதிரி ஒரு வித்தையை உலகத்தில் வேறெங்கும் யாரும் பழகியிருப்பார்களா என்று தெரியவில்லை.

இந்தச் சித்திரத்தை எழுதுவதற்கு முன், வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டுமா என்று திரவியத்தைக் கேட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி. பேரு போட்டே எழுதுங்க. பேரு போடாதது கணக்கில்லேல்லா," என்றார். நாகேஸ்வரனிடமும் போய்க் கேட்டேன். "எழுதிக்கோங்கோ," என்றார்.

ஆர்ஷா தேடியது ஒரு குறிப்பிட்ட சாயங்காலத்தை. அந்த மாதம் எறணாகுளத்தில் ஒரு போட்டி. பெட்டிகளை வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி நடத்தியது. ஒவ்வொரு கடையிலிருந்தும் சிலேட்டில் பெயர் இருக்கிற ஒருவர் போகலாம். அங்கே ஜெயித்தால் மெட்ராஸில் அதே கம்பெனியில் வேலை என்று பேச்சு. சிலேட்டில் திரவியத்தின் ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம் இருந்தது. பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று நாகேஸ்வரன் அதைத் தாண்டிவிட்டார். மணி ஆறு ஐம்பத்தேழு. மிச்சமிருந்த இரண்டு விமானங்களையும் இடித்து நொறுக்கி, பெயர் கேட்கும் திரைக்கும் வந்துவிட்டார். இரண்டு எழுத்து போட்டாயிற்று. மூன்றாவது எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போயிற்று. சிலேட்டில் பழைய பெயரே நின்றது. எறணாகுளத்துக்குத் திரவியம் போனார்.

கேமராவுக்கு முன்னால் ஆர்ஷா கேட்டாள்: "அங்கிள், அன்னைக்கு என்ன சம்பவிச்சது? கொஞ்சம் ஃபீல் ஆயிட்டு சொல்லணும், கேட்டோ."

"கரண்டு போச்சு," என்றார் திரவியம்.

"அவ்வளவுதானா? ஒரு டேக் கூடி எடுக்கலாம் அங்கிள்."

"கரண்டு போச்சு மக்கா. என்னத்தச் சொல்ல?"

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் அதே இரண்டு சொற்கள். நான் அன்றைக்குக் கடையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேஜையைத் தட்டவே இல்லை என்பதை அப்போது கவனித்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் கழித்து, என் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தார். ஆறு துளைக்கும் புனல் வைத்து ஊற்றி, மூடியைத் திருகி, துணியால் துடைத்தார். வழக்கமாக உடனே கிளம்பிவிடுகிறவர் மெயின் சுவிட்சுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை நாகேஸ்வரனைப் படம் பிடிச்சிருக்கால்லா, அத லேப்டாப்புல காட்டுச்சு," என்றார். "அவன் அந்த வாட்ச இப்பவும் கெட்டுகான்."

"கட்டட்டுமே. அதற்கென்ன?"

"ஒரு நிமிஷம் ஃபாஸ்டா வச்சிருக்கான். அன்னையிலேர்ந்து. இருவத்தெட்டு வருசமா."

அந்தக் காட்சியைப் பின்னால் நானும் பார்த்தேன். நாகேஸ்வரன் ஒரு பயண ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறவர். வழுக்கை விழுந்து, கண்ணாடி போட்டு, நல்ல சிரிப்போடு இருக்கிறார். கேமராவுக்குக் கடிகாரத்தைக் காட்டி, "போர்டுக்காரன் நிமிஷம் பிசகமாட்டான். கரண்டு போனப்போ இதுல ஆறு அம்பத்தொம்பது. அப்போ என் வாட்ச் ஒரு நிமிஷம் ஸ்லோன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் இருக்குன்னு நெனச்சுண்டு நிதானமா எழுத்துத் தேடிண்டிருந்தேன், அசடு. அன்னிக்கே தெரிஞ்சுடுத்து, முன்னாடி போய் நிக்கற வேலையெல்லாம் நமக்குச் சரிப்படாதுன்னு. அதுக்கப்புறம் இதை ஒரு நிமிஷம் முன்னாடி தள்ளித்தான் வெச்சுண்டிருக்கேன்," என்கிறார். எங்கே போனாலும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவாராம். அலுவலகத்தில் கடைசி வரிசை மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இரண்டு தடவை மானேஜர் வேலை வந்தும் வேண்டாமென்றாராம். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

"அந்த வாட்ச் ஸ்லோவே இல்ல அண்ணாச்சி," என்றார் திரவியம். "சரியாத்தான் ஓடுச்சு. ஆறு அம்பத்தொம்பதுக்கு மெயின எறக்குனது நானாக்கும்."

அவரே சொன்னார். கடையின் மெயின் சுவிட்ச் கறுப்புத் திரைக்கு வெளியே, படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. எல்லாரும் நான்காவது பெட்டியைச் சுற்றி முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நாகேஸ்வரன் முதல் எழுத்தைப் போட்டதும் அவர் வெளியே வந்தார். மூச்சு முட்டியதால்தான் வந்தேன் என்கிறார். தெருவில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இரும்புக் கைப்பிடி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. உள்ளே "ஐயோ" என்று கூச்சல் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாராம். எவனாவது வெளியே வந்தால் செத்தேன் என்று நினைத்தாராம். யாரும் வருவதற்குள் உண்மையான மின்வெட்டு வந்து தெருவே இருண்டுவிட்டது. இருட்டிலேயே கைப்பிடியை மேலே தூக்கிவிட்டு, கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார். ஏழரைக்கு எல்லா விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"எறணாகுளத்துல மொத ரவுண்டுலயே போனேன். பிடியில கை நிக்கல்ல. வேர்த்து வழுக்கிட்டு. ஊருல வந்து பஸ்ஸு லேட்டுன்னு சொன்னேன்."

"ஆர்ஷாவிடம் ஏன் சொல்லவில்லை?"

"பொய்யொண்ணும் சொல்லல்லியே. கரண்டு போச்சுன்னுதான சொன்னேன். போனது நெசந்தான?"

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருஷமாகச் சுவிட்சுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரத் தெரிந்தவருக்கு, அரை கிலோமீட்டர் நடந்து போய் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லையே என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்பிடியும் ஒரு நிமிஷத்துல போகப்போற கரண்டுதான, நான் எறக்குனா என்ன, போர்டுக்காரன் எறக்குனா என்னன்னுதான் அப்போ நெனச்சேன். சாரமில்ல, பரவாயில்லன்னு நெனச்சேன். அவன் அத வாட்ச் மேல போடுவான், தன் தலை மேல போடுவான்னு எனக்குத் தெரியாதுல்லா," என்றார். பிறகு, "வருசாவருசம் அந்தத் தேதிக்குப் பழவங்காடியில தேங்கா உடைக்கேன். நல்ல முத்தின தேங்கா," என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கோபம் போய் வருத்தம் வந்துவிட்டது.

படம் திரையிடுவதற்கு முன்னால் நாகேஸ்வரனைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றேன். சரி என்றார். இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. நடுவில் ஆர்ஷா பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக் கடையிலிருந்து ஒரு பழைய பிளேன் பெட்டியை வாங்கிவந்து, அதைச் சரிசெய்யும் வேலையை அவரிடமே கொடுத்திருந்தாள். பத்து நாள் அதோடு மல்லாடினார். கரண்டு பலகையைப் பிரித்து மறுபடி பற்றவைத்தார். பட்டன்களுக்கு அடியில் புது ஸ்பிரிங் போட்டார். பிளக் கழன்று விழாதபடி சாக்கெட்டையும் மாற்றினார். எவ்வளவு என்று ஆர்ஷா கேட்டதற்கு, "போ மக்கா," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, வலியசாலையில் ஒரு வாசகசாலையின் மாடியில் படம். ஐம்பது பேர் இருப்போம். நாகேஸ்வரன் இரண்டே முக்காலுக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரவியம் உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "வாடா, திரவியம். எலும்பும் தோலுமா ஆயிட்டயே," என்று கையைப் பிடித்தார். "சுகந்தானா?" என்று மட்டும் கேட்டார் திரவியம். படத்தில் அவர் "கரண்டு போச்சு" என்று சொன்ன இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நாகேஸ்வரன் கடிகாரத்தைக் காட்டிய இடத்தில் கைதட்டினார்கள். நாகேஸ்வரன் திரவியத்தின் பக்கம் குனிந்து, "உன் மேல என்னடா தப்பு? எல்லாரும் உன்னை எதிரின்னு எழுதிட்டா. என் வாட்ச்தான் எதிரி," என்று சொன்னது அவர்களுக்கு முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

படம் முடிந்ததும் ஆர்ஷா மூலையில் இருந்த துணியை விலக்கினாள். பெட்டி நின்றது. இரண்டு பேரும் ஒவ்வொரு ஆட்டம் ஆட வேண்டும் என்று எல்லாரும் கத்தினார்கள். "நாகேஸ்வரன் அங்கிள் ஆத்யம், அவர்தான் முதல்ல," என்றாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே போனார். கைக்குட்டையை எடுத்துப் பிடியைத் துடைத்தார். கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியின் தலையில் வைத்தார். பழைய ஆட்கள் ஓவென்று ஆர்ப்பரித்தார்கள்.

கூட்டம் பெட்டியை நெருங்கியது. திரவியம் மட்டும் எதிர்த்திசையில் நடந்து, சுவரில் இருந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வலது உள்ளங்கையை அதன்மேல், காற்றில் விளக்கை மறைப்பதுபோல் குவித்து வைத்துக்கொண்டார். ஆட்டம் இருபது நிமிஷத்துக்கு மேல் போயிற்று. பழைய வேகம் இல்லை, ஆனால் அதே அமைதி. ஒரு தடவைகூடத் திரவியம் திரையைப் பார்க்கவில்லை. சுவிட்சுக்கு அருகில் யார் வந்தாலும் அவர்களைத்தான் பார்த்தார்.

இரண்டு லட்சத்துச் சொச்சத்தில் ஆட்டம் முடிந்தது. பெட்டி பெயர் கேட்டது. மூலையில் இருபதிலிருந்து எண் இறங்க ஆரம்பித்தது. நாகேஸ்வரன் 'என்' போட்டார், 'ஏ' போட்டார். மூன்றாவது எழுத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அதற்காகத் தானே சிரித்துக்கொண்டு, "திரவியம் எங்கே? டேய், வந்து பாருடா," என்று திரும்பினார். கூட்டம் விலகியது.

"அங்கே என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்ல. யாரும் ஆஃப் பண்ணிரப்படாதுல்லா," என்றார் திரவியம்.

"இங்கே யார்டா ஆஃப் பண்ணப்போறா?"

எண் பத்துக்கு வந்திருந்தது. திரவியம் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

"அன்னைக்கு நாந்தாம்லே பண்ணுனேன்," என்றார். "ஏழு மணிக்கு முந்தி. மெயின நாந்தான் எறக்குனேன். ஒன் வாட்ச் ஒண்ணும் பண்ணல்ல."

பெட்டி மட்டும் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு சத்தம் போட்டது. நாகேஸ்வரனின் கை பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. பட்டியலின் தலையில் இரண்டு எழுத்துகளும் ஒரு காலியிடமும் போய் உட்கார்ந்தன.

நாகேஸ்வரன் பெட்டியின் தலையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். காதில் வைத்துக் கேட்டார். "அப்போ இது சரியாத்தான் ஓடிண்டிருந்ததா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு, "அன்னிக்கு ஆத்துக்குப் போய் அப்பாவை என்னவெல்லாம் சொல்லிட்டேன். ஓட்டை வாட்சை என் தலையில கட்டிட்டேளேன்னு. அவர் வாயே திறக்கலை. கடைசி வரைக்கும் மணி என்னன்னு என்னைக் கேட்கவே இல்லை," என்றார். இதை அவர் படத்தில் சொல்லியிருக்கவில்லை. திரவியத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடிகாரத்தின் திருகை நகத்தால் வெளியே இழுத்துக்கொண்டு நாகேஸ்வரன் சுவர் வரை நடந்து வந்தார். திரவியத்துக்கு முன்னால் நின்றார்.

"மணி என்ன இப்போ?"

திரவியம் இடது கையால் சட்டைப் பையைத் துழாவி, டெஸ்டரைத் தள்ளி, போனை எடுத்து நீட்டினார். நாலு இருபத்தாறு. கடிகாரத்தில் நாலு இருபத்தேழு. நாகேஸ்வரன் முள்ளை ஒரு நிமிஷம் பின்னால் நகர்த்தினார். போனையும் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருகை அழுத்தினார். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார். ஆர்ஷா கேமராவைத் தூக்கவில்லை. அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வாசகசாலைக்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். திரையில் விமானங்கள் தாமாகப் பறப்பதும், பட்டியல் வந்து போவதுமாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டு எழுத்துகள் முதலில் வந்தன. "அங்கிள், ஆஃப் செய்யட்டே?" என்று ஆர்ஷா மெதுவாகக் கேட்டாள்.

"அணைச்சா மறந்துரும் மக்கா. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்," என்றார் திரவியம். வலது கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல், இடது கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவிட்சுக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டார்.